ஆறே முக்கால் அடி நிழல்

பங்குனி மாதத்துப் பிற்பகலில் செருப்பில்லாத காலோடு தெருமண்ணில் அசையாமல் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். முதலில் குதிகாலில் சுரீரென்று ஏறி, பாதத்தின் நடுக்குழிக்கு வந்து, பிறகு கணுக்கால் வரைக்கும் பரவி, அழலாமா வேண்டாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கால் மரத்துப்போய்விடும். ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் தெரு ஒன்றில் பிறந்த எனக்கு அந்தச் சூடு ஏழெட்டு வயதிலேயே பழக்கம். எங்கள் வீட்டில் நிழல் பார்க்கிற வேலை என்னுடையது.

கடியாரம் என்ற பொருளை அந்தத் தெருவில் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை. காலையில் தெருவின் நீளத்துக்குப் 'பாவு' நீட்டுவார்கள், அதாவது தறியில் நீளவாக்கில் ஓட வேண்டிய இழைகளையெல்லாம் இழுத்துக் கட்டி நீவிச் சரிசெய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் அதைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும், தாமதித்தால் இழை காய்ந்து பட்பட்டென்று அறும். "குப்பு, நெழலு எட்டடிக்கு வந்துச்சா பாரு" என்று நைனா குரல் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நேராக நின்று, என் தலையின் நிழல் விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அதுவரைக்கும் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து எண்ணிச் சொல்வேன். நெட்டையோ குட்டையோ, எந்த மனிதருடைய உயரமும் அவரவர் காலால் ஏறக்குறைய ஆறரை, ஏழு அடிதான் வரும். அதனால் ஒரே வேளையில் பத்துப் பேர் நிழல் பார்த்தாலும் கணக்கு ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, நின்றவர் காலால்தான் அளக்க வேண்டும். இதை நைனா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அந்த ஒரே தெருவில் எத்தனை விதமான பொழுதுகள் ஓடிக்கொண்டிருந்தன! நைனாவுக்குப் பொழுது என்பது முழம். 'எப்போ சாப்பிட வரீங்க' என்று அம்மா கேட்டால், 'இன்னும் அரை மொழம்' என்பார்; அம்மாவும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு சோற்றை வடிப்பாள். தெருக்கோடியில் குடியிருந்த எஸ்தரம்மா, கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவர், கறுப்புக் கயிற்றில் கோத்த சிறிய கடியாரம் ஒன்றை இடுப்பில் செருகியிருப்பார். மூன்றரை ஆனதும் பள்ளி விடும் மணியை அவரே தம் கையால் அடிப்பார். யாராவது பிள்ளை 'கொஞ்ச நேரம் முந்தி' என்று சொல்லிவிட்டால் போயிற்று, 'கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்?' என்று கேட்டுத் திணற அடித்துவிடுவார். மருத்துவச்சி பீயம்மாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. உச்சிவேளை லுஹர் தொழுகையிலிருந்து பகல் சாய்கிற அஸர் தொழுகை வரைக்கும் உள்ளது முழுக்க அவருக்கு ஒரே நேரம். அதற்குள் எது நடந்தாலும் ஒன்றாகத்தான் நடந்தது என்பார். நமக்கு நாள் விடிகாலையில் பிறக்கிறது என்றால் அவருக்குச் சூரியன் மறைந்ததுமே மறுநாள் பிறந்துவிடும். நேற்றைக்கும் நாளைக்கும் அவர்கள் வீட்டு உருதுப் பேச்சில் 'கல்' என்று ஒரே சொல்தான். "அது எப்படி பீயம்மா, போனதும் வரப்போறதும் ஒண்ணா?" என்று நாங்கள் கேலி செய்தால், "ரெண்டும் இன்னிக்கி இல்லல்லடி, அப்புறம் இன்னா?" என்று வெற்றிலைச் சிவப்போடு சிரிப்பார். பஞ்சாங்கக்கார ஐயருக்கோ சூரியன் எழுந்ததிலிருந்து நாழிகை, நாழிகைக்குள் விநாழிகை. அரை நாழிகை என்பது அவருக்கு ஒரு மனிதனின் தலையெழுத்தையே மாற்றிவிடக்கூடிய தூரம்.

இத்தனை பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போய்க்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். ஒருவர் பொழுதை இன்னொருவர் பொழுதாக மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. என் தங்கை பிறந்த அன்றைக்கு அது வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காலையிலேயே அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. பீயம்மா வந்து பின்கட்டு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். நைனா முன்கூடத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நெய்தபடியே இருந்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அன்று அவர் நெய்தார் என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. குழந்தை தலை காட்டி நிலத்தைத் தொட்ட கணத்தில் மருத்துவச்சி உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை வெளியே உருட்டிவிடுவாள். அதைப் பார்த்ததும் வெளியே காத்திருப்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜாதகம் அந்தக் கணத்தை வைத்துத்தான். நைனா என்னை வாசலில் வெயிலில் நிறுத்தி, "பழம் வந்த ஒடனே நெழல அள. எடத்த விட்டு நவுராத. தங்கமே, நீதான் கரீட்டா பார்ப்பே" என்றார். அந்தத் 'தங்கமே' எனக்குத் தலைகால் புரியாத பெருமையாக இருந்தது.

நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். எஸ்தரம்மாவின் பள்ளி மணி அடித்தது, பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி வந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் மஞ்சள் மஞ்சளென்று அந்தப் பழம் கூடத்தைத் தாண்டி, வாசற்படியில் ஒரு துள்ளுத் துள்ளி, தெருவுக்கு வந்தது. உருட்டிவிட்ட பழம் பொறுக்கினவருக்குச் சொந்தம். உப்புத் தொட்டு நக்கலாம் என்று காலையிலிருந்து நாக்கில் எச்சில் ஊற நான் அதற்காகவும் காத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஓடுகிற வேகத்தில் அதை ஒரு உதை உதைத்தான். பழம் சாக்கடைப் பக்கம் போயிற்று. நிழலாவது, நாழிகையாவது! நான் பழத்தின் பின்னால் ஓடினேன்.

கழுவிய பழமும் கையுமாக நான் திரும்பி வருவதற்கும் சித்தப்பா எதிர்வீட்டிலிருந்து வருவதற்கும் சரியாக இருந்தது. நைனாவின் தம்பி அவர். எதிலும் அவசரக்காரர், எதற்கெடுத்தாலும் 'ஜல்தி ஜல்தி' என்பதால் தெருவில் அவருக்கு 'ஜல்தி' என்றே பேர்.

"அடி கழுத! பழம் வந்து எம்மா நேரமாவுது, இங்க இன்னா பண்ணிகினு கீற? நில்லு, ஜல்தியா நில்லு!" என்று என் தோளைப் பிடித்துப் பழைய இடத்தில் நிறுத்தி, என் தலையின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அதோடு விட்டாரா? "நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும், தள்ளு" என்று சொல்லி, தம்முடைய பெரிய பாதங்களால் விறுவிறுவென்று அளந்தார். ஆறே முக்கால்.

"சித்தப்பா, நின்னது நானு..." என்று ஆரம்பித்தேன்.

"காலுன்னா எல்லாம் காலுதான். ஆறே முக்கால்னு போயி அண்ணன்கிட்ட சொல்லு. பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு, உறவுக்காரர்களுக்குச் செய்தி சொல்லப் போய்விட்டார்.

என் காலால் அளந்திருந்தால் ஒன்பது அடிக்குக் குறையாது. பிற்பகலில் நிழல் நீள நீளப் பொழுது போயிருக்கிறது என்று கணக்கு. ஆறே முக்கால் என்பது நடந்ததற்கு வெகு முந்தின நேரம். இது எனக்குத் தெரியும். உள்ளே போனேன். குழந்தையின் அழுகை கேட்டது. நைனா தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன அடி?"

"ஆறே முக்கா, நைனா."

"யாரு காலு?"

எத்தனை சரியான கேள்வி பாருங்கள். கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றை அந்த மனிதர் மறக்காமல் கேட்டார். சித்தப்பா கால் என்றால், நீ ஏன் அளக்கவில்லை என்று வரும். அப்புறம் நீ எங்கே போனாய் என்று வரும். சாக்கடை, பழம், எல்லாம் வரும். காலையில் சொன்ன 'தங்கமே' போய்விடும்.

"ஏங் காலுதான்" என்றேன்.

"எடத்த விட்டு நவுரலியே?"

"இல்ல நைனா."

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். பழம் என் பாவாடை மடிப்பில் ஈரமாக இருந்தது.

மறுநாள் பஞ்சாங்கக்கார ஐயர் வந்து வாசலில் உட்கார்ந்து விசாரித்தார். பீயம்மாவைக் கேட்டார்கள். "லுஹர் போயிடுச்சி சாமி, அஸர் வரல. அதுக்கு நடுவுல அல்லா குடுத்தான்" என்றார் அவர். ஐயர் சிரித்துவிட்டார். குழந்தையைப் பார்க்க வந்திருந்த எஸ்தரம்மா, "மணி மூணரைக்கு மேல இருக்கும்ங்க. நான் பள்ளிக்கூடம் விட்ட அப்புறந்தான்" என்று சொன்னார், "உங்க மணி உங்களுக்கு, நமக்கு சூரியோதயத்திலேர்ந்து எண்ணற உதயாதி நாழிகை வேணும்" என்று ஐயர் மரியாதையாகவே அதை ஒதுக்கிவிட்டார். நைனாவைக் கேட்டதற்கு, வலி எடுத்ததிலிருந்து முக்கால் முழம் நெய்தேன் என்றார். அது யாருக்கு என்ன பிரயோசனம்? மூன்று பேர் சொன்னதும் உண்மை. மூன்றும் ஐயருக்குப் புரிகிற கணக்கில் இல்லை. நான் சொன்ன ஆறே முக்கால் என்ற பொய் ஒன்றுதான் அவருக்கு வேண்டிய உருவத்தில், அடிக்கணக்கில், இருந்தது. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, விரல்விட்டு எண்ணி, "இருபத்திரண்டரை நாழிகை. ஆயிலியம் இருபத்துமூணு வரைக்கும் இருக்கு. அடடா, அரை நாழிகை பொறுத்திருக்கப்படாதா, மகத்துல விழுந்திருக்குமே!" என்றார்.

ஆயிலியத்தில் பிறந்த பெண் போய் ஏறுகிற வீட்டில் மாமியார் உயிரோடு தங்கமாட்டாள் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. மகத்தில் பிறந்தவளையோ கேட்டு வாங்கிப் போவார்கள். உள்ளே அம்மா அழுத சத்தம் கேட்டது. பெண் பிறந்ததற்காக அவள் அழவில்லை. அழுவது எதற்காக என்று எனக்குச் சரியாக விளங்கவும் இல்லை. ஏதோ கெட்டது நடந்துவிட்டது, அதில் எனக்குப் பங்கு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒன்பது வயதுக் கலக்கம் எத்தனை நாள் இருக்கும்? நாலு நாளில் மறந்துவிட்டேன்.

பச்சையம்மாள் என்று பேர் வைத்தார்கள். நிறைய வாயாடுவாள், நிறையச் சாப்பிடுவாள், யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். களம்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, நைனாவுக்குத் தங்கை, வரும்போதெல்லாம் அவளுக்கென்று தனியாக அதிரசம் கொண்டுவருவார். 'எம் மருமகளே' என்றுதான் கூப்பிடுவார். அவள் பத்து வயதைத் தொட்டபோது நைனா ஜாடையாகப் பேச்சு எடுத்தார். அத்தை, "அண்ணே, ஒம் பொண்ணு மேல எனக்கு உசுரு. ஆனா எனக்கும் பேரன் பேத்தியப் பாக்கணும்னு ஆசை இருக்காதா?" என்று சொல்லி அழுதார். அதன் பிறகு அவர் வரவே இல்லை. அவர் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். எங்களுக்கு வெற்றிலை பாக்கு மட்டும் வந்தது. மேலும் இரண்டு இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள், இரண்டு இடத்திலும் மாப்பிள்ளையின் தாயார் ஜாதகத்தைப் பார்த்ததோடு சரி. ஒருத்தி எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

இதற்குள் என் கதையும் ஒருவிதமாக முடிந்திருந்தது. பதின்மூன்றில் கல்யாணம், பதினேழில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்கே வந்தாயிற்று. மூலையில் கிடந்த என்னை எஸ்தரம்மாதான் நைனாவிடம் மன்றாடிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மதத்துக்காக அல்ல, கணக்குக்காக என்று அவர் வாக்குக் கொடுத்தார், கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்றவும் செய்தார். களம்பூர்ப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்த புதிது அது. வண்டி மத்தியானத்தில் என்றால் எங்கள் ஜனங்கள் விடியற்காலையிலேயே மூட்டை முடிச்சோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய் 'இன்னும் வர்லியா' என்று கேட்பார்கள். அதனால் எஸ்தரம்மா வகுப்பில் நாழிகையை மணியாக்கும் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டரை நாழிகை ஒரு மணி, சூரியன் எழுவது காலை ஆறு மணி. பலகையில் சும்மா பழகுவதற்காக இருபத்திரண்டரை நாழிகையைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை போட்டாலும் பிற்பகல் மூன்று மணிதான் வந்தது.

மூன்று மணிக்குப் பையன்கள் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். தெருவில் ஓடி வந்து பழத்தை உதைத்திருக்க முடியாது. மூன்றரைக்கு மேல் என்றால் இருபத்துமூன்றே முக்கால் நாழிகை தாண்டிவிட்டது. ஆயிலியம் போய் மகம் வந்து உட்கார்ந்தாயிற்று. பலகையைக் கீழே வைத்துவிட்டு வாந்தி எடுத்தேன். வெயில் கோளாறு என்று எஸ்தரம்மா மோர் கொடுத்தார்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. இன்னொரு இடம் வரட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வருஷம் ஒத்திப்போட்டேன். கோழை நான். கடைசியில் தேவிகாபுரத்திலிருந்து ஓர் இடம் முடிவானது: மாப்பிள்ளைக்கு நைனா வயது, முதல் மனைவி செத்துப்போனவள், தாயார் எப்போதோ தவறிவிட்டவர். அந்தக் கடைசி விஷயம்தான் பொருத்தம். பன்னிரண்டு வயதுப் பச்சையம்மாள் புதுப்புடவைக்கு என்ன கரை வேண்டும் என்று நைனாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் நான் பலகையை எடுத்துக்கொண்டு தறி அருகில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பழம், சாக்கடை, சித்தப்பாவின் கால், என் பொய், எல்லாம். சாட்சிக்குச் சித்தப்பா இல்லை. முந்தின வருஷத்து வாந்திபேதியில் அவர் போய்விட்டார். பீயம்மாவும் அப்போது உயிரோடு இல்லை.

நைனா ஊடிழை ஓட்டும் நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். அவர் கோபித்திருந்தால் தேவலை. "குப்பு, ஒனக்கு தங்கச்சி மேல உசுரு. தெரியுது. ஊருல நட்சத்திரத்த மாத்தி எழுதி எத்தனையோ பேரு பொண்ண தள்ளி வுடறாங்க. நான் அத பண்ணமாட்டேன். யாரோ ஒரு அம்மா நம்பி கட்டினு போவா, அவ செத்தா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"நெசமா சொல்றேன் நைனா. இந்தக் கணக்கப் பாருங்க."

"அன்னிக்கி நான் ஒன்ன கேட்டேன். யாரு காலுன்னு கேட்டேன். பொய்யுன்னா இன்னான்னே தெரியாத வயசு ஒனக்கு. அத நம்பட்டுமா, இப்ப பாசத்துல சொல்றத நம்பட்டுமா?"

அவ்வளவுதான். மறுபடியும் நாடா ஓடத் தொடங்கியது. என் பொய்யை நம்பிய மனிதரை என் உண்மையை நம்பவைக்க என்னால் முடியவில்லை. நான் அங்கேயே நின்று அவர் நெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பச்சையம்மாள் தேவிகாபுரம் போனாள். அங்கே மாப்பிள்ளையை எடுத்து வளர்த்த பெரியம்மா ஒருவர் இருந்தார். வயதானவர், பல்லில்லாதவர், யாருக்கும் பயப்படாதவர். "எந்த நட்சத்திரமும் என்ன ஒண்ணும் பண்ணாது, நீ வாடி" என்று அவளைத் தம் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டு, தலை வாரி, எண்ணெய் தேய்த்து, பெற்ற பெண்ணைவிட மேலாகப் பார்த்துக்கொண்டாராம். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் 'பெரியம்மா பெரியம்மா' என்று அதே பேச்சுத்தான். என் மனசுகூட அப்போது கொஞ்சம் ஆறியிருந்தது. நாலாம் வருஷம் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டார். எழுபது வயதுக்காரர் காய்ச்சலில் போனதில் என்ன அதிசயம்? ஆனால் பெறாவிட்டாலும் வளர்த்தவள் தாய்தானே, நட்சத்திரம் தேடிப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று ஊர் சொன்னது. வீட்டுக்காரனும் அதையே சொன்னான். பெட்டியும் கையுமாக அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

ஊர் சொன்னதுகூடப் பெரிதில்லை. அவளே நம்பினாள். "என்ன பார்த்து பயப்படாதவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்களையே தின்னுட்டேன்" என்று சொல்வாள். வாயாடியாக இருந்தவள் பேச்சைக் குறைத்தாள், சோற்றைக் குறைத்தாள், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தூக்குவதை விட்டாள். இருமல் வந்தது. எஸ்தரம்மா மருந்து வாங்கி வந்து கொடுத்தார். விழுங்கினாள், பிரயோசனம் இல்லை. அவளுக்கு வாழ விருப்பமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலை அவளுக்குச் சிக்கெடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "அக்கா, நான் பொறந்தப்ப நீதான நெழலு பார்த்த?" என்று கேட்டாள்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. உன் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான், என்னை அடி, காறித் துப்பு, ஆனால் நீ யாரையும் கொல்லவில்லை, உன் நட்சத்திரம் மகம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் கண்கொட்டாமல் கேட்டாள். தேவிகாபுரத்திலிருந்து வந்த பிறகு முதல்தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நல்லாத்தான் கத கட்டறக்கா. எம்மா நாளா யோசிச்ச?"

"சத்தியமாடி! அம்மா மேல சத்தியம்!"

"சரி, சரி, அழாத. கேக்க நல்லாத்தான் கீது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் தினமும் சொன்னேன். அந்தப் பையன் எந்தக் காலால் உதைத்தான், பழம் பெரிசா சின்னதா, சித்தப்பா என்ன சொல்லித் திட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். சித்தப்பாவின் 'ஜல்தி ஜல்தி' வரும்போது இருமலோடு சிரிப்பாள். அடுத்த அறையில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், நான் பேச ஆரம்பித்ததும் முறத்தின் சத்தம் நின்றுவிடும். ஆடி மாதம் ஒரு பகலில் பச்சையம்மாள் காலமானாள். 'காலமானாள்' என்றுதான் எங்கள் மொழியில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை கூசுகிறது.

நைனா, அம்மா, எஸ்தரம்மா எல்லோரும் போய்விட்டார்கள். எஸ்தரம்மா விட்டுப்போன பள்ளிக்கூடத்திலேயே முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறேன். என் சுவரில் ஒரு கடியாரம் அரை மணிக்கொரு தரம் அடிக்கிறது. களம்பூர் அரிசி ஆலையில் சங்கு ஊதுகிறார்கள். தொழுகைக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பூசைக்குப் பூ வாங்குகிறவர்கள், எல்லோரும் மணி என்ன என்று ஒரே மாதிரி கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் நர்சு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து நிமிஷத்தோடு எழுதிவிடுகிறாள். அந்த நிமிஷத்தை எடுத்துக்கொண்டுபோய் ஜோசியரிடம் கொடுக்கிறார்கள், அவர் பழையபடியே யார் யாருக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருவெயிலில் முதுகைக் காட்டி நிற்கும் பெண்பிள்ளை ஒருத்தியும் இப்போது இல்லை. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நட்சத்திரங்களில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. ஆயிலியம் யாரையும் கொல்லாது, மகம் யாரையும் வாழவைக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் இதை ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நைனா நம்பவில்லை, அவளும் நம்பவில்லை. உங்களிடம் பொய் சொல்லி இந்த வயதில் எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. என் தங்கை பச்சையம்மாள் மகத்தில் பிறந்தவள்.